அவள் அனுப்பாத மெயில்

கட்டிங் மாஸ்டர் காலையிலேயே போன் செய்துவிட்டார். சும்மா போன் செய்கிற ஆள் இல்லை அவர். துணி வெட்டும் மேசையை விட்டு நகர்ந்தால் கை அரிக்கும் என்று சொல்லிக்கொள்கிறவர். அதனால் அவருடைய எண் திரையில் தெரிந்ததுமே பேட்டர்ன்காரி கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எடுத்தாள்.

"என்னம்மா, மெயில் போட்டுப் போட்டு விரல் தேஞ்சு போச்சு. ஒண்ணுக்கும் பதில் இல்ல. உடம்பு ஏதும் முடியலையா?"

"மெயிலா? எனக்கு எதுவும் வரலையே மாஸ்டர். நீங்க எப்ப அனுப்புவீங்கன்னு நான்ல பார்த்துட்டு இருக்கேன்."

"நல்லாருக்கு. நர்சுங்க சட்டைக்குக் கை பிடிக்குதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. மாத்தின அளவை அனுப்பிட்டேன். இங்க மேசை மேல துணி விரிச்சு அடுக்கி வச்சாச்சு. உங்க பேட்டர்ன் வந்தாத்தான் கத்தியை வைக்க முடியும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணும்மா. நீங்க அனுப்பினதைத் திறந்ததுலேருந்து ஆபீஸ் கம்ப்யூட்டர் செத்த மாதிரி கிடக்கு. முதலாளி காட்டமா இருக்காரு."

"நான் என்ன அனுப்பினேன்?"

"இணைப்பைப் பார்க்கவும், அவசரம்னு. உங்க பேருலதான் வந்துச்சு. சாயங்காலம் வரைக்கும் நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன். அதுக்கு மேல ஆனா வேற ஆளைப் பார்த்துக்கலாங்கிறாரு. மெயில்ல மட்டும் எதையும் அனுப்பிடாதீங்க. உங்க பேரைக் கேட்டாலே எரிஞ்சு விழறாரு."

போனை வைத்தாள். வெளியே மழை விட்டபாடில்லை. முன்னறையின் ஜன்னலோரம்தான் அவளுடைய வேலையிடம். கம்ப்யூட்டர், அதன் பக்கத்தில் பழுப்புக் காகிதச் சுருள், வளைவு அளக்கும் மரச்சட்டம், டப்பா நிறையக் குண்டூசிகள். குழந்தை பிறக்கும் முன் பட்டறைக்கே போய் வேலை செய்தவள். பிறகு துணி வெட்டுவதற்கான அச்சுகளை வீட்டிலிருந்தே வரைந்து அனுப்பினாள். முதுகு, முன்பக்கம், கழுத்து, கை என்று ஒரு சட்டையைத் தட்டையான துண்டுகளாகப் பார்க்கத் தெரிந்த கண் அவளுக்கு. பட்டறையில் வைத்த பேட்டர்ன்காரி என்ற பெயர் தெருவிலும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரின் மேல்தான் இப்போது கல் விழுந்திருந்தது.

கம்ப்யூட்டரைப் போட்டாள். உள்ளே காற்றாடி பெருமூச்சு விட்டது. எதைத் தொட்டாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. திரையில் கேட்காத ஜன்னல்கள் தானாகத் திறந்து தானாக மூடின. பெட்டியின் விலாவில் இரண்டு தட்டுத் தட்டினாள். அதற்கெல்லாம் அது மசியவில்லை.

கணவனை எழுப்பலாமா என்று உள்ளறையை எட்டிப் பார்த்தாள். ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்படி வேலை அவருக்கு. இரவெல்லாம் அனலில் நின்றுவிட்டு விடிந்ததும் வந்து, கண்ணின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்தால் மதியம் தாண்டித்தான் அசைவார். கம்ப்யூட்டரை வாங்கி வைத்தது, மெயில் திறந்து கொடுத்தது, எல்லாம் அவர்தான். ஆனாலும் மாவு படிந்த அந்தக் கால்களைப் பார்த்ததும் எழுப்ப மனம் வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு மாடிக்குப் போனாள்.

மாடிவீட்டுக்காரிக்கு அன்று விடுமுறை. ஏதோ ஒரு கம்பெனிக்காகக் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் ஓடவில்லை என்று கத்துகிறவர்களுக்கெல்லாம் பொறுமையாக வழி சொல்வது அவள் வேலை. தலைக்குக் குளித்துத் துண்டு சுற்றியிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் துண்டோடேயே தன் லேப்டாப்பை இடுக்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டாள். வந்த வேகத்தில் முதலில் இணைய ஒயரைப் பிடுங்கினாள்.

"அக்கா, திட்ட மாட்டேன், உண்மையைச் சொல்லணும். எதையாவது திறந்தீங்களா?"

"பார்சல் வந்திருக்கு, விலாசம் சரியில்லன்னு ஒரு மெயில் வந்துச்சு. நான் கத்தரிக்கோல் ஒண்ணு ஆர்டர் போட்டிருந்தேன். அதுதானோன்னு..."

"திறந்தீங்க."

"திறந்தேன். ஒண்ணும் இல்ல, வெள்ளையா இருந்துச்சு. மூடிட்டேன்."

"உங்களுக்குத்தான் அது வெள்ளை. அவன் உள்ள வந்து பாயைப் போட்டுப் படுத்துட்டான்."

பேட்டர்ன்காரிக்கு முகம் சுண்டிப்போனது. மாடிவீட்டுக்காரி அதைக் கவனித்துவிட்டு, "விடுங்க, என் கம்பெனி மேனேஜரே திறந்திருக்காரு" என்றாள். கொண்டுவந்திருந்த பென் டிரைவைச் சொருகிப் பெட்டியைச் சோதனைக்கு விட்டாள். அது ஒவ்வொரு கோப்பாக முகர்ந்துகொண்டு நகர ஆரம்பித்தது. "இது ஓடட்டும், தொடாதீங்க. மெயிலை என் லேப்டாப்ல திறப்போம். பாஸ்வேர்டு என்ன?"

"பாப்பா பேரும் பிறந்த நாளும்."

"ஊர்ல பாதிப் பேரு அதைத்தான் வச்சிருக்காங்க. இனிமே வேற யோசிச்சு வைங்க. நான் திரும்பிக்கறேன், நீங்களே அடிங்க."

கடவுச்சொல் மாறியது. வேறெங்கெல்லாம் அந்த மெயில் திறந்திருந்ததோ அங்கிருந்தெல்லாம் மாடிவீட்டுக்காரி வெளியேற்றினாள். பிறகு அனுப்பியவை இருக்கும் இடத்தைத் திறந்து காட்டினாள். பேட்டர்ன்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் பெயரில், அவள் கையெழுத்து வரியோடு, ஒரே மெயில் முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் போயிருந்தது. பட்டறைக்கு, மகளின் டீச்சருக்கு, எப்போதோ ஒரு முறை பார்த்த பல் டாக்டருக்கு.

"இத்தனை பேருக்கும் போன் பண்ணி என்னன்னு சொல்வேன்?"

"பண்ணலாம். முதல்ல உங்களுக்கு ஏன் எதுவும் வரலைன்னு பார்ப்போம்." அமைப்புகளுக்குள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டு போனவள் ஓரிடத்தில் நின்றாள். "இருக்கான் பாருங்க. இது ஃபில்டர். வர்ற மெயிலை எங்க போடணும்னு சொல்லி வைக்கிறது. உங்களுக்கு வர்றதெல்லாம் ஒரு பிரதி அவனுக்குப் போகுது, இங்க நேராக் குப்பைத்தொட்டிக்குப் போகுது. வாசல்ல நின்னு தபாலை வாங்கிக்கிட்டு உங்களுக்கு ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டிருக்கான்."

அதை அழித்தாள். அழித்த நிம்மதியில் நெட்டி முறித்தாள். "இதுக்குக் கீழ இன்னொண்ணு வச்சிருக்கான். இதையும் எடுத்துடறேன்."

"இரு."

திரையில் ஒரே ஒரு முகவரி இருந்தது. அந்த முகவரியிலிருந்து எது வந்தாலும் குப்பைத்தொட்டி.

"யாருக்கா இது?"

"எங்கண்ணன்."

"எல்லாத்தையும் எடுத்துக்கிட்ட திருடன் ஒருத்தரை மட்டும் எதுக்குத் தனியா..." என்று தொடங்கிய மாடிவீட்டுக்காரி பாதியில் வாயை மூடிக்கொண்டாள். அவள் கண் தன்னையறியாமல் உள்ளறைக் கதவுப் பக்கம் போய்த் திரும்பியது. பேட்டர்ன்காரியும் அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மெயிலின் பாஸ்வேர்டு முதல் நாளிலிருந்தே இந்த வீட்டில் இன்னும் ஒருவருக்குத் தெரியும்.

"நான் டீ போடறேன்க்கா" என்று மாடிவீட்டுக்காரி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். ஊராருடைய கம்ப்யூட்டருக்குள் போய்ப் போய், எங்கே பார்க்கக் கூடாது என்பதும் அவளுக்குப் பழகியிருந்தது.

பேட்டர்ன்காரி குப்பைத்தொட்டியைத் திறந்தாள். மாஸ்டரின் மெயில்கள் வரிசையாகக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே அண்ணனுடையது ஒன்று. கீழே, அந்தப் பார்சல் மெயிலுக்கெல்லாம் முந்திய தேதியில், இன்னொன்று. அதற்கும் முந்தியவை இல்லை. ஒரு மாதம் ஆனால் தொட்டி தானாகக் காலியாகிவிடும்.

அண்ணன் அவளுக்கு அப்பா மாதிரி. வயது வித்தியாசம் அப்படி. அம்மா அவரிடம்தான் இருந்தாள். பேட்டர்ன்காரி நிறைமாதமாக இருந்தபோது அம்மாவுக்கு முடியாமல் போனது. கர்ப்பிணிக்குச் சொல்ல வேண்டாம் என்று அண்ணன் மறைத்தார். அம்மாவின் காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் தகவல் வந்தது. முகம்கூடப் பார்க்க விடவில்லையே என்று போனிலேயே கத்தினாள். இனி என் மூஞ்சியில் முழிக்காதே என்றும் சொன்னாள். அதற்குப் பிறகு பேச்சில்லை. கொஞ்ச நாள் அவர் நீள நீளமாக மெயில் எழுதினார். பிறகு அதுவும் நின்றது. குழந்தை பிறந்தாள், தவழ்ந்தாள், பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். கோபம் எப்போதோ வடிந்துவிட்டது. ஆனால் அவர் எழுதவில்லையே, நான் எதற்கு எழுத வேண்டும் என்ற வீம்பு மட்டும் வடியவில்லை. ஒரு முறை மனம் கேட்காமல் போன் செய்து பார்த்தாள். அந்த எண் வேறு யாருக்கோ போயிருந்தது.

பழைய மெயிலைத் திறந்தாள்.

'குட்டி, இன்னிக்கு அம்மா போன நாள். நீ படிக்க மாட்டேன்னு தெரியும். எழுதாம இருக்க முடியல. நான் நல்லா இருக்கேன். முட்டிதான் மடங்க மாட்டேங்குது.'

அடுத்தது நேற்று வந்தது.

'குட்டி, உன் மெயில் வந்துச்சு. உன் பேரைப் பார்த்ததும் கண்ணாடி எங்க வச்சேன்னே தெரியல. இணைப்பைப் பார்க்கவும்னு எழுதியிருக்கே. அழுத்தி அழுத்திப் பார்த்தேன், வெள்ளையாவே தெரியுது. குழந்தை போட்டோவா? பொண்ணா பையனான்னுகூட எனக்குத் தெரியாது. அப்புறம் கம்ப்யூட்டரே நின்னு போச்சு. லைப்ரரியில உட்கார்ந்து இதை எழுதறேன். அவசரம்னு வேற போட்டிருக்கே. எல்லாரும் நல்லா இருக்கீங்கதானே? இன்னொரு தடவை அனுப்பும்மா. இல்லேன்னா இந்த நம்பருக்குப் பேசு.'

மாடிவீட்டுக்காரி டீயைக் கொண்டுவந்து வைத்தாள். பேட்டர்ன்காரி அதைத் தொடவில்லை. அழவும் இல்லை. மாஸ்டரின் மெயிலைத் திறந்து கை அளவுகளை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

"அக்கா, அந்தப் பெட்டி முடிய இன்னும் நேரமாகும். முடிஞ்சா கூப்பிடுங்க. மேல இருக்கேன்" என்று சொல்லிவிட்டு மாடிவீட்டுக்காரி லேப்டாப்பை அங்கேயே விட்டுப் போனாள்.

கம்ப்யூட்டரை நம்ப முடியாது. கையால் வரைய வேண்டியதுதான். தரையைத் துடைத்து, பழுப்புக் காகிதத்தை விரித்தாள். மழைக்காலத்துக் காகிதம் நமுத்துப்போய்ச் சுருண்டு சுருண்டு எழுந்தது. ஒரு முனையில் மரச்சட்டத்தை வைத்தாள், இன்னொரு முனையில் டீ டம்ளரை வைத்தாள். மண்டியிட்டு நடுக்கோடு போட்டாள். தோளிலிருந்து அக்குள் வரை வருகிற வளைவுதான் கையின் உயிர். நோயாளியைத் தூக்கி உட்கார வைக்கும் நர்சுக்கு அங்கே துணி இழுத்துப் பிடிக்கக் கூடாது. அந்த வளைவில் போட்ட முதல் கோட்டை அழித்தாள். பென்சிலைச் சீவிக்கொண்டு மறுபடி போட்டாள்.

உள்ளறைக் கதவு திறந்தது. கணவன் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்து நின்றார்.

"ஏம்மா தரையில உட்கார்ந்து வரையறே? கம்ப்யூட்டருக்கு என்ன?"

"அந்த முனையைப் பிடிங்க."

அவர் எதிரில் உட்கார்ந்து காகிதத்தை அழுத்திப் பிடித்தார்.

"வைரஸ். மெயிலுக்குள்ள பூந்து எனக்கு வர்றதையெல்லாம் குப்பையில போட்டிருக்கான். மாடிவீட்டுப் பொண்ணு வந்து எடுத்துக் குடுத்தா."

"என்னை எழுப்பியிருக்கலாம்ல."

"அதுக்குக் கீழ இன்னொண்ணு இருந்துச்சு."

பென்சில் நிற்கவில்லை. அவர் பெருவிரலுக்கு அடியில் காகிதம் மெல்லக் கசங்கியது.

"எப்ப வச்சீங்க?" என்று கேட்டாள்.



"நீ ஆஸ்பத்திரியில படுத்திருந்தியே, அப்ப" என்றார். "அவரு எழுதுவாரு, அம்மா கடைசியா என்ன கேட்டாங்க, எப்படி மூச்சு வாங்கினாங்கன்னு. நீ படிச்சிட்டுச் சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துப்ப. சாப்பிட மாட்ட. இப்படியே போனா ரெண்டுல ஒண்ணுதான் தங்கும்னு டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாங்க. எனக்கு வேற வழி தெரியல. குழந்தை பிறக்கற வரைக்கும்னுதான் வச்சேன்."

"குழந்தை பிறந்து பள்ளிக்கூடம் போகுது."

"எடுத்துடணும்னுதான் இருந்தேன். எடுத்தா, இத்தனை நாள் வந்தது எங்கேன்னு கேப்ப. நாளைக்கு நாளைக்குன்னு போயிடுச்சு. நாள் ஆக ஆகக் கை வைக்கவே பயமாயிடுச்சு."

"அண்ணன் ஏன் எழுதறதே இல்லன்னு உங்ககிட்ட எத்தனை தடவை கேட்டிருப்பேன்?"

"கேட்ட."

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"சொன்னீங்க. அவருக்கும் ஆயிரம் வேலை இருக்கும்னு சொன்னீங்க. சொல்லிட்டு எனக்கு ரொட்டியில வெண்ணெய் தடவிக் குடுத்தீங்க."

அவர் தலை கவிழ்ந்தது. "என்ன வேணா திட்டிக்கோ."

"திட்ட இப்ப எனக்கு நேரமில்ல. சாயங்காலத்துக்குள்ள இது பட்டறைக்குப் போகணும். கையை எடுங்க, வெட்டணும்."

கத்தரி காகிதத்தில் நிதானமாக ஓடியது. வெட்டிய சட்டைக் கையை உள்ளங்கையில் எழுதிய அளவுகளோடு ஒரு தரம் சரிபார்த்து, கோணல் போன இடத்தை மயிரிழை அளவு சீவினாள். கசங்கிய முனையை நீவி விட்டாள். சுருட்டி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு நூலால் கட்டி அவரிடம் நீட்டினாள்.

"நனையக் கூடாது. மாஸ்டர் கையிலயே குடுங்க. விரிச்சுப் பார்த்து அவரு சரின்னு சொல்ற வரைக்கும் நகராதீங்க."

அவர் எதுவும் சாப்பிடவில்லை, முகம்கூடக் கழுவவில்லை. சட்டைக்குள் சுருளைச் செருகி, அதன் மேல் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

வீடு காலியானதும் அவள் போனை எடுத்தாள். என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். அன்றைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று ஆரம்பிக்கலாம். முட்டி எப்படி இருக்கிறது என்று ஆரம்பிக்கலாம். மணி அடித்து, எடுத்து, "யாரு?" என்று அந்தக் குரல் கேட்டதும் ஒத்திகை பார்த்தது ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"அண்ணா, அந்த மெயிலைத் திறக்காதீங்க" என்றாள்.

மறுமுனையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு, "திறந்துட்டேனே குட்டி" என்றார்.

அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"என்னம்மா அனுப்பியிருந்தே அதுல? போட்டோவா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அந்த மெயில் அவள் எழுதியதாகிவிடும், அவரும் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போவார். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினாள்.

"அதை நான் அனுப்பலண்ணா. கம்ப்யூட்டர்ல வைரஸ் பூந்து என் பேருல எல்லாருக்கும் அனுப்பியிருக்கு. பல் டாக்டருக்குக்கூடப் போயிருக்கு."

"அப்படியா." குரல் சட்டென்று சுருங்கிவிட்டது. "அதானே பார்த்தேன். சரி, பரவாயில்ல."

"வைக்காதீங்க, கேளுங்க. முதல்ல எழுதினதுக்கு அப்புறம் நீங்க எழுதின எதுவும் எனக்கு வரலண்ணா. இத்தனை வருஷமா ஒண்ணுகூட என் கண்ணுல படல. இன்னிக்குத்தான் பார்த்தேன். நீங்க எழுதறதை நிறுத்திட்டீங்கன்னு நான் நினைச்சுட்டு இருந்தேன்."

"நானா? நான் எங்க நிறுத்தினேன்? நீ படிச்சிட்டுக் கோபத்துல பதில் போடலைன்னு..." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "முதல்ல ஒண்ணு சொல்லு. பொண்ணா, பையனா?"

"பொண்ணுண்ணா."

"அம்மா ஜாடையா?"

"ஜாடை அவங்க அப்பா மாதிரி. கோபம் வந்தா மட்டும் மூக்கு விடைச்சுக்கும் பாருங்க, அம்மாவுக்கு விடைக்குமே, அப்படியே."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அந்த இருமலைக்கூட அவள் காதோடு சேர்த்து அழுத்திக் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் எந்த வகுப்பு, சாப்பிடுமா, யாரிடம் ஒட்டுதல் என்று வரிசையாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் சொன்னாள். மாமான்னு ஒருத்தர் இருக்கிறது அதுக்குத் தெரியுமா என்று கேட்டபோது மட்டும் அவள் பேச்சை அவருடைய முட்டிக்கு மாற்றினாள்.

வாசலில் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது. கணவன் சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். "மாஸ்டர் வெட்ட ஆரம்பிச்சுட்டாரு. முதலாளிகிட்ட அவரே பேசிக்கிறாராம்" என்று மெல்லச் சொன்னவர், அவள் கையில் இருந்த போனைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். யாரோடு பேசுகிறாள் என்று அவர் கேட்கவில்லை.

"எனக்கு ஒண்ணுதான் புரியல" என்றார் அண்ணன். "அத்தனை மெயிலும் எப்படிம்மா உனக்கு வராமப் போச்சு? அதுவும் இந்த வைரஸ் வேலைதானா?"

அவள் கணவனைப் பார்த்தாள். இரவெல்லாம் அனலில் நின்று, பகலில் மழையில் நனைந்து, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் நிற்கிற மனிதர். பாவமாகவும் இருந்தது. ஆத்திரமும் அப்படியே இருந்தது. ஒன்று இன்னொன்றைத் தணிக்கவில்லை.

"இல்லண்ணா, அது வேற. அதைச் சொல்ல வேண்டியவர் இப்பத்தான் உள்ள வந்திருக்காரு. அவர்கிட்டயே கேளுங்க."

போனை நீட்டினாள். அவர் கையைச் சட்டையில் துடைத்தார். சட்டையும் ஈரம். ஜன்னல் திரையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

"மச்சான், நான்தான்" என்றார்.

"சொல்லுங்க மாப்பிள்ளை, எப்படி இருக்கீங்க?" என்று அந்தப் பக்கம் கேட்பது அவள் நின்ற இடத்துக்கே கேட்டது. சந்தோஷமான குரல். இன்னும் ஒன்றும் தெரியாத குரல்.

அவள் உள்ளே போய்விடவில்லை. சுவரில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் வெட்டிப்போட்ட காகிதத் துண்டுகளுக்கு நடுவில் அவர் தரையிலேயே உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தனியாகக் கூப்பிட்ட நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.